இன்டர்நெட் ஓடுகிறது, பக்கத்துக் கணினி மட்டும் திறக்கவில்லை: ஃபயர்வால் எங்கே மறிக்கிறது?

சுங்கை சிப்புட்டில் மத்தியானம் வெயில் கொளுத்தினால் சாயங்காலம் இடியை எதிர்பார்க்கலாம். ஈப்போவுக்கும் கோலக்கங்சாருக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது, சுற்றிலும் தோட்டங்கள். இடி விழுந்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் மோடம் பற்றியவைதான். மோடம் கருகிவிட்டது, புதுசு மாட்டியாயிற்று, இன்டர்நெட்டும் வந்துவிட்டது. ஆனால் ஒரு கணினியில் இருக்கும் ஃபைலை இன்னொரு கணினியிலிருந்து திறக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு தோட்டத்துக் கோயில் அலுவலகத்தில் இதே கதை. தீமிதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. உபயக்காரர் பட்டியலும் ரசீது எண்களும் பொருளாளரின் மேசைக் கணினியில் இருந்தன. முன்மேசையில் உட்கார்ந்து ரசீது போடும் அக்கா, தன் மடிக்கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து பெயரைச் சரிபார்த்துத்தான் எழுதுவார். மோடம் மாற்றியதிலிருந்து பட்டியல் திறக்கவில்லை. மூன்று நாளாகப் பென்டிரைவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடந்திருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரே ரசீது எண் இரண்டு குடும்பத்துக்குப் போய்விட்டது.

"தம்பி, யூடியூப் நல்லாத்தான் ஓடுது. நம்ம ரெண்டு கம்ப்யூட்டருந்தான் ஒன்னுக்கொன்னு பேச மாட்டேங்குது" என்றார் பொருளாளர். "அந்த மடிக்கணினியில ஃபயர்வாலக்கூட அணைச்சுப் பாத்துட்டோம். அப்பவும் வரல."

அவர் சொன்ன இரண்டு விஷயமும் எனக்கு அடிக்கடி காதில் விழுபவை. இன்டர்நெட் ஓடுகிறதே, அப்புறம் என்ன கோளாறு? கணினிக்குள் யாரை விடலாம் என்று பார்க்கும் காவலான ஃபயர்வாலையே அணைத்தாயிற்றே, அப்புறம் எது மறிக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போகிறவரும் வருகிறவரும்

தோட்டத்து முன் கேட்டில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குடியிருப்பவர் டவுனுக்குப் புறப்பட்டால் அவர் தடுப்பதில்லை, கம்பியைத் தூக்கிவிடுவார். அதே ஆள் சாமான் பையோடு திரும்பி வரும்போதும் கேள்வி கிடையாது. போனதைத்தான் பார்த்தாரே. ஆனால் முன்பின் தெரியாத லாரி ஒன்று வந்து நின்றால் கதை வேறு. யாரைப் பார்க்க வேண்டும், எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்பார். கையில் இருக்கும் பட்டியலில் அனுமதி இருந்தால்தான் கம்பி மேலே போகும்.

கணினியின் ஃபயர்வால் செய்வதும் அதேதான். உங்கள் கணினி வெளியே போய் ஏதாவது கேட்டால் விட்டுவிடும், அதற்கு வரும் பதிலையும் உள்ளே விடும். யூடியூப் பார்ப்பது இந்த வகை. கேட்டது உங்கள் கணினி, வருவது அதற்கான பதில். ஆகவே வெளியிலிருந்து ஒருவரையும் உள்ளே விடாத அளவுக்கு ஃபயர்வால் இறுக்கமாக இருந்தாலும் இன்டர்நெட் ஓடும். அது ஓடுவதை வைத்து ஃபைல் பகிர்வு சரியாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

ஃபைல் பகிர்வில் திசை மாறுகிறது. அக்காவின் மடிக்கணினி புறப்பட்டுப் போய்ப் பொருளாளரின் கணினி வாசலில் நிற்கிறது. மடிக்கணினியைப் பொறுத்தவரை அது வெளியே போகும் பயணம், தடை இல்லை. பொருளாளரின் கணினிக்கோ அது அழைக்காமல் வந்த விருந்தாளி. மறிப்பது அந்தப் பக்கத்து ஜாகா. இங்கே மடிக்கணினியின் ஃபயர்வாலை அணைத்ததில் ஒரு பயனும் இல்லை. பாதுகாப்பு போனதுதான் மிச்சம். முதல் வேலையாக அதைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஃபைல் எந்தக் கணினியில் இருக்கிறதோ, அந்தக் கணினியின் கேட்டைப் பாருங்கள். இதை நான் யாரிடமும் இரண்டு முறை சொல்லத் தயங்குவதில்லை. திறக்காத கணினியின் முன்னால் உட்கார்ந்து அதையே குடைந்துகொண்டிருப்பதில்தான் எல்லாருடைய நேரமும் போகிறது.

ஜாகாவின் பட்டியலில் இடங்களின் பெயர் இருக்கும், ஃபயர்வாலின் பட்டியலில் எண்கள் இருக்கும். இந்த எண்களுக்குப் போர்ட் என்று பெயர். ஒரு கணினிக்கு 192.168.1.20 என்பது போல ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரிக்குள் 65,000-க்கும் மேற்பட்ட கதவுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 443-ஆம் கதவில் நடக்கின்றன. விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கு எஸ்எம்பி என்ற நெறிமுறை, அதன் கதவு 445. பழைய விண்டோஸ் 137, 138, 139 ஆகியவற்றையும் பயன்படுத்தியது. இன்றைக்கு ஃபைல் திறக்க 445 போதும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலரைத் திசை திருப்பிவிடுகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்ற இடத்தில் மற்ற கணினியின் படம் தெரிய வேண்டும் என்று காத்திருப்பார்கள். அந்தப் படம் தெரிவதற்கு வேறு கதவுகள், வேறு சேவைகள் வேண்டும். படமே தெரியாமல் ஃபைல் நன்றாகத் திறப்பதும் உண்டு, படம் தெரிந்தும் திறக்காமல் போவதும் உண்டு. படத்தை நம்ப வேண்டாம், முகவரியை நம்புங்கள்.

அது எப்படி மறுக்கிறது என்று பாருங்கள்

ஃபைல் இருக்கும் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்தால், ஐபிவி4 என்ற வரியில் அதன் முகவரி தெரியும். அடுத்த கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல்பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்த எண்ணை அடியுங்கள், \\192.168.1.20 என்று. பிறகு என்டர். இப்போது என்ன நடக்கிறது என்பதை அவசரப்படாமல் கவனியுங்கள். கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, வெகுநேரம் கழித்து, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035 என முடியும் பிழை எண் வந்தால், அந்தப் பக்கம் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் ஃபயர்வால் மறுக்கும்போது 'முடியாது' என்றுகூடச் சொல்வதில்லை. வந்த தட்டலைக் காதில் வாங்காமல் விட்டுவிடும். தட்டியவர் காத்திருந்து சலித்துத் திரும்புகிறார், அந்தக் காத்திருப்புத்தான் அந்தப் பச்சைக் கோடு. இங்கே ஃபயர்வாலைச் சந்தேகப்படலாம். முகவரி தப்பாக இருந்தாலும், அந்தக் கணினி தூங்கிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தால் சந்தோஷப்படுங்கள். கதவு திறந்துவிட்டது, உள்ளே இருப்பவர் 'நீ யார்' என்று கேட்கிறார். இனி ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். இந்தப் பெட்டியில் நிறையப் பேர் பின் (PIN) எண்ணை அடித்துப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். தினமும் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்கப் பின் அந்தக் கணினிக்கு மட்டும் சொந்தம், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும்.

அனுமதி இல்லை என்று செய்தி வந்தாலும் ஃபயர்வால் குற்றவாளி அல்ல, ஃபோல்டரின் பகிர்வு உரிமைகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். கடவுச்சொல்லே இல்லாமல் எல்லாருக்கும் திறந்து வைத்த பகிர்வுகளை ப்ரோ வகை இப்போது ஏற்பதில்லை, விருந்தினர் அணுகலைப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று சொல்லும். அதற்காகப் பழைய தளர்ந்த வழிக்குத் திரும்பாமல், பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு கணக்கு உருவாக்கிக்கொள்வதே நல்லது.

எண்ணால் திறக்கிறது, கணினியின் பெயரால் திறக்கவில்லை என்றால் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல், 445-இல் அல்ல.

பிங், அதாவது மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை, அதைச் செய்து பார்த்து முடிவு கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிங் தட்டுவது 445-ஆம் கதவை அல்ல, அதற்கான விதி தனி. பிங்குக்குப் பதில் இல்லாமல் ஃபைல் திறக்கலாம், பதில் வந்தும் திறக்காமல் போகலாம். சரியான சோதனை வேண்டுமென்றால் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' (Test-NetConnection) என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு முகவரியும் 445 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால், கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று விடை வரும். ட்ரூ என்றால் கதவு திறந்திருக்கிறது.

புது மோடம் வந்தால் ஏன் கெடுகிறது

இதுதான் எங்கள் ஊரில் நான் அதிகம் பார்க்கும் காரணம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விண்டோஸ் தான் சேரும் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. வீடு, அலுவலகம் போல நம்பிக்கையான இடமென்றால் பிரைவட். விமான நிலையம், சாப்பாட்டுக் கடை போல யார் யாரோ இருக்கும் இடமென்றால் பப்ளிக். ஒரே ஜாகாதான், ஆனால் கையில் இரண்டு பட்டியல். பிரைவட் பட்டியலில் பகிர்வுக்கு இடம் உண்டு. பப்ளிக் பட்டியலில் வெளியாருக்கு 445-ஆம் கதவு கிடையாது. இது மிகவும் நியாயமான ஏற்பாடு. ஈப்போவில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்த கடையின் வைஃபையில், பக்கத்து மேசைக்காரருக்கு உங்கள் ஃபோல்டர் தெரிய வேண்டியதில்லை.

மோடம் மாறினால் என்ன ஆகிறது? அதே அறை, அதே வயர், நாம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் விண்டோஸ் நெட்வொர்க்கை அடையாளம் காண்பது மோடத்தின் வன்பொருள் முகவரியை வைத்து. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்தாலும் அதற்கு இது புது இடம். புது இடத்தை விண்டோஸ் 11 தானாகவே பப்ளிக் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 என்றால் திரையின் ஓரத்தில் ஒரு நீலப் பலகை வந்து, இந்தக் கணினியை மற்றவை பார்க்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் 'நோ' அழுத்திவிட்டால் அதுவும் பப்ளிக்தான். ஃபயர்வாலில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு விதியும் மாறவில்லை, ஆனால் ஜாகா வேறு பட்டியலைக் கையில் எடுத்துவிட்டார். ஃபயர்வால் பக்கத்திலேயே தேடுகிறவர்களுக்கு இது தட்டுப்படாமல் போவது அதனால்தான்.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஃபைல் இருக்கும் கணினியில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட். வயர் போட்டிருந்தால் ஈதர்நெட், இல்லையென்றால் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே நெட்வொர்க் ப்ரொஃபைல் என்ற இடத்தில் பப்ளிக்கிலிருந்து பிரைவட்டுக்கு மாற்றுங்கள்.

அப்புறமும் திறக்கவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வாலைத் திறந்து, செயலிகளை அனுமதிக்கும் பட்டியலுக்குப் போங்கள். 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்ற வரியில் பிரைவட் கட்டத்தில் மட்டும் டிக் இருக்கட்டும். பப்ளிக் கட்டத்திலும் டிக் போட்டால் வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் ஃபைல் இருப்பது மடிக்கணினி என்றால், அதை நாளைக்கு வெளியே கொண்டுபோகும்போது அதே கதவு அங்கேயும் திறந்திருக்கும்.

மோடம் மாறும்போது இன்னொன்றும் நடக்கும். பழைய மோடம் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்திருக்கும், புதுசு 192.168.1 என்று கொடுக்கும். திரையில் வைத்திருக்கும் பழைய ஷார்ட்கட் இல்லாத வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும். ஃபயர்வாலை நோண்டுவதற்கு முன்னால் எண்ணைச் சரிபாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வேறு கேட்டுகள்

கணினிக்குள் இருக்கும் ஃபயர்வால் மட்டும் மறிப்பதில்லை. வைஃபையில் விருந்தினருக்கென்று தனிப் பெயர் வைத்திருந்தால், அதில் சேரும் சாதனங்கள் இன்டர்நெட்டுக்குப் போகலாம், உள்ளே இருக்கும் கணினிகளை எட்ட முடியாது. அதற்காகத்தான் அது இருக்கிறது. மண்டபத்துக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டுவதும் வழக்கம். அது தனக்கென ஒரு வேலியைப் போட்டுக்கொண்டால், அதன் உள்ளே இருக்கும் கணினியை வெளியே இருப்பவை திறக்க முடியாது. அதை வைஃபையை மட்டும் நீட்டிக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் வேலி போய்விடும். இரண்டு கணினியின் முகவரியிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் பொதுவாக அப்படித்தான் இருக்க வேண்டும்.

கணினி வாங்கும்போதே கூட வந்த ஆன்டிவைரஸ் இன்னொரு இடம். அதில் சொந்த ஃபயர்வால் இருந்தால் விண்டோஸ் பட்டியலில் நீங்கள் போடும் டிக் எதற்கும் மதிப்பில்லை, பிரைவட், பப்ளிக் தேர்வை அதற்குள்ளேயும் போய்ச் செய்ய வேண்டும். சந்தா முடிந்து புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அதை முழுக்க நீக்கிவிடலாம், விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அணைத்து வைத்தால் என்ன?

எல்லாம் பார்த்துவிட்டு, ஃபயர்வால்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்கலாம். மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, ஃபைல் இருக்கும் கணினியில் மட்டும் அணையுங்கள். அணைத்தும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. திறந்துவிட்டால் எந்த விதி மறித்தது என்று தேடலாம். எப்படியானாலும் திரும்பப் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நான் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். டவுனில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்திருந்தபோது, என் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து 60 விநாடியிலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. பூஜ்யம் வந்ததும் கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. சற்று நேரத்தில் பக்கத்துக் கணினி, அப்புறம் அதற்கடுத்தது. ஒருவரும் எதையும் அழுத்தவில்லை. அதுதான் பிளாஸ்டர் என்ற புழு. 135-ஆம் போர்ட் வழியாக, யாரும் ஃபைலைத் திறக்காமலேயே கணினிக்குக் கணினி தாவியது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது, ஆனால் தொடக்கத்திலிருந்தே இயங்கும்படி வைக்கப்படவில்லை. மறு ஆண்டு, 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் அது எல்லாருக்கும் தானாக இயங்கத் தொடங்கியது.

2017 மே 12-இல், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை புழு வந்தபோது அது நுழைந்த கதவு இதே 445. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஒரு கணினிக்குள் வந்ததும் அதே நெட்வொர்க்கில் கதவு திறந்திருந்த மற்றவற்றையும் அது பிடித்தது. ஆகவே 445-ஐ வீட்டுக்குள், பிரைவட்டில், தெரிந்த கணினிகளுக்கு மட்டும் திறங்கள். கோலாலம்பூரில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரிலேயே 445-ஐ வெளியுலகத்துக்குத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வரும் வழி) அல்லது கிளவுட் சேமிப்பு இருக்கிறது.

கோயில் அலுவலகத்துக்கு வருகிறேன். அங்கே கோளாறு ஒன்றல்ல, மேலே மேலே அடுக்கி இருந்தது. அக்காவின் ஷார்ட்கட் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. புது எண்ணை அடித்தோம், பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நின்றது. அவருடைய மடிக்கணினி பக்தர்களுக்கென்று வைத்த விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தது, அதை அலுவலக வைஃபைக்கு மாற்றினோம். மறுபடியும் பச்சைக் கோடு. பொருளாளரின் கணினியில் போய்ப் பார்த்தால் பப்ளிக். பிரைவட் ஆக்கியதும் கடவுச்சொல் பெட்டி வந்தது. ஐயா பின் எண்ணைச் சொன்னார், ஏற்கவில்லை. உண்மையான கடவுச்சொல்லை எங்கேயோ எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, பழைய திருவிழா அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்திலிருந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். பட்டியல் திறந்தது. இரண்டு குடும்பத்துக்குப் போன அந்த ரசீது எண்ணை அக்கா அங்கேயே தேடியெடுத்து, ஒரு குடும்பத்துக்குப் புது எண் போட்டு, அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

கிளம்பும் முன் மோடத்தின் அமைப்பில் பொருளாளரின் கணினிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி செய்து வைத்தேன். அக்கா அந்த எண்ணை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். அதன் கீழே, "மோடம் மாத்தினா: ஐயா கம்ப்யூட்டர் பிரைவட்டா பாக்கணும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, செலோடேப் போட்டு மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினார்.